கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவன்

போர்டு எழுதும் தொழிலில் பிரஷ் பிடிக்கத் தெரிந்தவர்களைவிட, பிடித்தவனுக்கு யோசனை சொல்லத் தெரிந்தவர்கள்தான் அதிகம். கோடு போடும்போது கை ஆடி, முதுகுக்குப் பின்னால் யாரோ 'ச்சு' கொட்டியதைக் கேட்ட ஆட்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் என் சங்கடம் புரியும்.

எழுபதுகளின் நடுவில், சங்கரன்கோவிலில் தறி ஓட்டுவதை விட்டுவிட்டு ஞானமுத்து அண்ணாச்சியின் போர்டுக் கடையில் சேர்ந்தேன். தறியை ஏன் விட்டேன் என்பது வேறு கதை. அந்தத் தறி மேஸ்திரியோடு எனக்கு இன்றும் பேச்சுவார்த்தை இல்லை. அப்போதே எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. படிப்பு ஐந்தாவதோடு சரி.

கடையில் வேலை இரண்டு வகை. சுவரிலோ தகரத்திலோ கரிக்கட்டையால் கோடு போடுவது ஒன்று. அதற்குள் வர்ணம் நிரப்புவது இன்னொன்று. கோடு போடுகிறவன் வேலு, என்னைவிட வயதில் சின்னவன். நிரப்புகிறவன் நான். வேலை முடிந்ததும் போர்டின் கீழ் மூலையில் பேர் எழுதும் உரிமை கோடு போட்டவனுக்குத்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில் வாசல் வரைக்கும் நான் வர்ணம் பூசிய போர்டு இல்லாத தெரு கிடையாது, ஆனால் எல்லா மூலையிலும் 'வேலு' என்றுதான் இருக்கும். ஒரு நாள் என் மனைவி பாப்பா ஒவ்வொரு போர்டாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்து கேட்டாள்: "ஊரெல்லாம் நம்ம போர்டுங்கிய, இதுல நீங்க எங்கன இருக்கிய?"

அன்றைக்கு முடிவு செய்தேன், ஒரு போர்டிலாவது என் பேர் வர வேண்டும் என்று.

தண்ணீர்க் கோடு

கோடு பழக வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் பெயிண்டை வீணாக்க விடமாட்டார். கறுப்பு அடித்த பழைய தகரம் ஒன்றைக் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்து, ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து, தகரத்தில் இழுத்துப் பழக வேண்டும். காய்ந்தால் மறுபடி இழுக்கலாம். பெயிண்ட் செலவில்லை, துடைக்கிற வேலையும் இல்லை.

நம்ம ஊர் வெயிலை அவர் கணக்கில் வைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போய் நின்று இடமிருந்து வலமாக இழுப்பேன். வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இடது ஓரம் காய்ந்துபோகும். கோட்டின் தலையையும் வாலையும் ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. நேராகத்தான் போட்டேனா என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் நன்றாக வந்தது போலத் தோன்றி, ஓடிப்போய் முதலாளியைக் கூட்டி வந்தேன். அவர் தகரத்தை மேலும் கீழும் பார்த்தார். "போட்டேன் போட்டேன்னு சொல்லுதீரு, இங்கன ஒண்ணையும் காணுமேவே!"

மூச்சு

கோடு இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார் முதலாளி. மூச்சை விட்டுக்கொண்டே இழுக்க வேண்டும் என்பான் வேலு. பிரஷ்ஷின் நுனியைப் பார் என்பார் இவர். கோடு எங்கே போய் முடியணுமோ அங்கே பார் என்பான் அவன். மணிக்கட்டு அசையக் கூடாது என்று ஒருவர், மணிக்கட்டுதான் அசையணும் என்று ஒருவர். இரண்டு பேருக்கும் கோடு நேராக வருகிறது. யார் பேச்சைக் கேட்பது?

அரிசி ஆலைச் சுவரில் பார்டர் கோடு போட எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சம்பளம் தருகிறவர் பேச்சைக் கேட்போம் என்று மூச்சைப் பிடித்தேன். ஆனால் அது தகரம் இல்லை, ஆலைச் சுவர். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்துகொண்டே இழுக்க வேண்டும். பாதியில் மூச்சு விட்டிருக்கலாம். கோடு கெட்டுவிடும் என்று விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன், பிரஷ்ஷும் கூடவே சுவரில் இறங்கி வந்தது. ஆலைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கோடு என்னமோ நேராத்தாம்வே வந்துச்சு, நீருதான் கோணிட்டீரு!"

எலுமிச்சம்பழம்

புளியங்குடியில் ஒரு கமிஷன் கடைக்கு எலுமிச்சம்பழம் வரைய வேண்டும். வேலு சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று போய்விட்டான். முதலாளி என்னை முதல் பஸ்ஸில் கூட்டிப் போனார். கடை வாசலில் நின்று கரிக்கட்டையை எடுத்தேன். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், ஒரே இழுப்பில் அழகான வட்டம் வந்து நின்றது.

கடைக்காரர் பார்த்தார். "இது பந்தால்லா இருக்கு, மூக்கு எங்கே?" மூக்கு வைத்தேன். மூட்டை இறக்க வந்த விவசாயி ஒருத்தர், ஒரு பக்கம் மூக்கு வைத்தால் மறுபக்கம் காம்பு வர வேண்டாமா என்றார். காம்பு வைத்தேன். அதில் பழம் நீண்டுவிட்டது. கணக்குப்பிள்ளை வந்து, இது நார்த்தங்காய், இதைப் போட்டால் யாவாரம் படுத்துவிடும் என்றார். இடுப்பைச் சுருக்கினேன். இன்னொருத்தர் அது முட்டை என்றார். பொழுது சாயும்போது சுவரில் இருந்தது என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வேலு வந்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு பழம் போட்டான். அவனிடம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூலையில் அவன் பேர் ஏறியது. முதலாளி என்னைத் தனியே அழைத்துச் சொன்ன ஆறுதல் இது: "நேத்துக் காலையில எலுமிச்சம்பழமாத்தாம்வே இருந்துச்சு, ஆளாளுக்குப் பிழிஞ்சிட்டோம்."

பயப்படுகிற கோடு

வேலுவிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. சின்னவனிடம் போய் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பழைய பலகையில் பெயிண்டாலேயே கோடு போட்டு, காய வைத்து, அவன் முன்னால் வைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தான். "கோட்டுல தப்பில்ல அண்ணாச்சி. ஆனா அது பயப்படுது."

மாடு பயப்படும், பிள்ளை பயப்படும். கோடு எப்படிப் பயப்படும்? நேரில் திட்ட முடியாமல் சுற்றி வளைத்துச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஆடித்தபசுத் திருவிழா வந்து போகும் வரை அவனோடு பேசவில்லை. பெயிண்ட் டப்பா வேண்டுமென்றால்கூட முதலாளியிடம் சொல்லி, முதலாளி அவனிடம் சொல்ல, அப்படித்தான் வாங்கினேன். ஆனாலும் அந்தச் சொல் உள்ளே கிடந்து குடைந்தது. பயம் போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பலகை முழுக்கச் சர் சர்ரென்று கோடாக இழுத்துத் தள்ளினேன். அந்தப் பக்கமாக வந்த முதலாளி சட்டென்று ஒதுங்கி நின்றார். "இது யாரைவே அடிக்கப் போகுது?"

மாட்டு வயிறு

திருவேங்கடத்தில் பருத்தி விதையும் புண்ணாக்கும் விற்கிற கடை. சுவரில் ஒரு காளை மாடு. வேலு கரிக்கோடு போட்டுவிட்டு வேறு வேலைக்குப் பஸ் ஏறிவிட்டான். நான் வெள்ளை பூசி, சுற்றிலும் நீலம் பூச வேண்டும். நீலம் பூசும்போது பிரஷ்ஷைப் பட்டையாகப் பிடித்து, கோட்டை ஒட்டி வெட்டிக்கொண்டே வருவோம். அதற்குக் கட்டிங் என்று பேர். வெள்ளை உள்ளேயும் நீலம் வெளியேயும் நின்றால்தான் உருவம் தெரியும். கரிக்கோடு இரண்டுக்கும் அடியில் போய்விடும். கட்டிங்கைக் கோடு என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்வதில்லை. அது நிரப்புகிறவனின் வேலை, அவ்வளவுதான்.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கிடை ஆடும் மொத்தமாக அந்த வழியாகப் போயிருக்கிறது. சுவரோடு உரசிக்கொண்டே போனதில் மாட்டின் வயிறும் காலும் ஆட்டு முதுகில் ஏறிப் போய்விட்டன. வேலுவைக் கூப்பிட வழியில்லை. யோசனை சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை. வெள்ளையை உத்தேசமாகப் பூசிவிட்டு, நெஞ்சிலிருந்து தொடைவரை நீலத்தால் ஒரே இழுப்பாக வெட்டினேன். மூச்சைப் பிடித்தேனா விட்டேனா, எங்கே பார்த்தேன், ஒன்றும் நினைவில்லை. சாயங்காலம் கடைக்காரர் வந்து அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னார்: "மாடு வளக்கவன் சொல்லுதேன், இந்த வயித்துக் கோடு ஒண்ணு போதும்வே, வேலு கையே கை!"

மூலையில் என் பேர்

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியுத கோடு பூராவும் கடைசியில நான் வெட்டுனதுதானே? அப்பம் இத்தனை வருசமா கோடு போட்டது யாரு?" அவருக்கும் குழப்பம்தான். அடுத்த வேலை ஒரு சைக்கிள் கடைத் தகரம். அதில் நான் கரிக்கோடு போடுவது, வேலு நிரப்புவது என்று மாற்றிவிட்டார். வேலு பாட்டுக்கு மஞ்சள் டப்பாவைத் திறந்தான். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

இரண்டு சக்கரம். கைக்குத் தெரிந்ததையெல்லாம் போட்டும் என் வட்டம் தோசை மாதிரி வந்தது. வேலு முகத்தைச் சுளிக்காமல் சுற்றிலும் மஞ்சளை வெட்டிக்கொண்டே வந்தான். வெட்ட வெட்டச் சக்கரம் உருண்டையானது. முறைப்படி மூலை என்னுடையது. 'மாடசாமி' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பேரு என்னமோ உங்க வீட்டுக்காரரு பேருதாம்மா. ஆனா வேலு பூசலைன்னா அந்தச் சக்கரம் ஓடுமா?" அப்படியென்றால் நான் பூசிய காலத்தில் ஏன் யாரும் என்னைச் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். பாப்பா அதைக் கவனிக்கவில்லை. குனிந்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பேருக்கு அடியில ஒரு கோடு ஆடிக்கிட்டுக் கெடக்கு பாருங்க, அது நீங்க போட்டதுதான், எனக்குத் தெரியும்!"

ஆடுகிற கோடெல்லாம் எனக்கு, ஆடாத கோடெல்லாம் வேலுவுக்கு என்று ஊரும் வீடும் சேர்ந்து பங்கு பிரித்துவிட்டதால், நான் கோடு போடக் கற்றுக்கொண்டேனா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அந்தச் சக்கரத்துக்குப் பிறகு வேலுவோடு மட்டும் இன்னும் பேசவில்லை.