இரண்டாம் முறை பார்க்காத டேப்பட்

அண்ணாச்சி, உம்ம எஞ்சினைக் கெடுத்தது நீர்தான்.

உம்முடைய பழைய அம்பாசடரின் எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டியவன் நான். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை முறுக்கி, ஒவ்வொரு வால்வின் தலையிலும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் தட்டுகிற இடத்தில் மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி இடைவெளி பார்த்தேன். டேப்பட் வைப்பது என்பது இதுதான். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எட்டு வால்விலும் அப்படித்தான் வந்தது. ஆனால் அது பாதி வேலை. எஞ்சின் ஒருமுறை ஓடிச் சூடேறினால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் அமுங்கும், தேய்த்த வால்வு படியும், இடைவெளி குறையும். ஆறியபின் எட்டையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

நீர் வண்டியை எடுக்க வந்த அன்று காலை, ஓட்டிப் பார்த்த எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வண்டி ஷெட்டை விட்டு இறங்க வேண்டும் என்று நின்றீர். ஆறட்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளும் என்றேன். எலுமிச்சம்பழம் அதற்குள் சக்கரத்தடியில் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு நேரே இங்கே கொண்டுவாரும் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினீர்.

வரவில்லை. நான்காம் நாள் போன் போட்டேன். நல்ல நேரத்தில் புறப்பட்ட வண்டியை ஒரு மண்டலத்துக்குத் திரும்பவும் ஷெட்டில் ஏற்றக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"தட்டுற சத்தமே நின்னு போச்சு வே. தையல் மிஷின் கணக்கா ஓடுது."

அந்த எஞ்சின் லேசாகத் தட்டத்தான் வேண்டும். சத்தம் நின்றால் இடைவெளி இல்லை, வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். ஓட்டாதேயும், நானே அங்கன வந்து பார்க்கிறேன் என்றேன்.

"ஏன் வே பயங்காட்டுதீரு?" போனை வைத்துவிட்டீர். அதே வண்டியில் ஸ்ரீவைகுண்டமும் அம்பாசமுத்திரமும் போய் வந்தீர். மூன்றாம் வாரம், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று விளிம்பு கருகி உடைந்தது.

பழைய வண்டிக்காரர்கள் பாளையங்கோட்டை மைதானத்தில் கூடிய ஞாயிற்றுக்கிழமை, அந்த வால்வை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, இவனுக்கு டேப்பட் வைக்கத் தெரியாது என்றீர். நானும் அங்கேதான் நின்றேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் எஞ்சின் தருவதாக இருந்த வள்ளியூர்க்காரர் மறுநாளே வேறு ஷெட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எஞ்சின் பிரிக்கிற வேலை ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வருவேன். சமாதானம் வேண்டாம், தனியாகப் போனில் பேசவும் வேண்டாம். அதே ஆட்கள் முன்னால் வாயைத் திறந்து பதில் சொல்லும்: வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேனா, இல்லையா?