நாற்பதடித் தலை

அந்தத் தெருவின் முடிதிருத்தகத்தில் "கொஞ்சமா எடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த யாரும் கொஞ்சமாக இழந்து எழுந்ததில்லை. கத்தரி கையில் ஏறிவிட்டால் கடைக்காரருக்கு நிறுத்தத் தெரியாது. "இன்னும் கொஞ்சம்" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. ஆனாலும் கடையில் கூட்டம் குறையவில்லை. காரணம், ஊர் ஓரத்து ஆறு.

கடையின் மூலையில், மற்றவர்கள் குடை வைக்கிற இடத்தில், தூண்டில் கம்புகள் சாய்ந்திருக்கும். இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கிறவர்களின் கம்புகள். பூச்சிக்கு எடை என்று ஒன்றும் கிடையாது. அதைச் சுமந்துகொண்டு போக வேண்டியது தூண்டில் கயிறுதான். அதற்காகவே முன்பக்கம் முப்பது நாற்பது அடிக்குத் தடித்த, கனமான துண்டு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் தலை. பின்னால் மெல்லிய வால். ஒரே வீச்சில் தலையைப் பறக்கவிட்டு, வாலைப் பிடித்திருக்கும் விரலைத் திறந்தால் போதும், தலை போகிற வேகத்தில் வாலும் சரசரவென்று ஓடும். இந்தத் தலையைக் கம்புக்குத் தக்கபடி வெட்டித் தருவதுதான் நம்மவரின் இரண்டாவது தொழில். "முடி வெட்டப் போனா தலையையே வெட்டிடுவாரு" என்று தபால்காரர் சொல்லாத நாளில்லை.

கம்புக்குக் கம்பு பசி வேறு. தபால்காரரின் ஒன்பதடிக் கம்பு விறைப்பானது. நல்ல கனம் கொடுத்தால்தான் அசையும். தலைமையாசிரியையின் கம்பும் ஒன்பதடிதான், எவ்வளவு கனம் தாங்கும் என்று மேலே அச்சிட்ட எண்ணும் அதேதான், ஆனால் கொஞ்சம் கனம் ஏறினாலே கும்பிடு போட்டுவிடும். இரண்டு கையாலும் பிடிக்கிற பதின்மூன்றடிக் கம்போ இவை இரண்டின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும். இதெல்லாம் நம்மவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது சொந்த வீட்டிலேயே சறுக்கியது.

அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். மீன் பிடிக்க ஆற்றில் இறங்கிவிட்டால் அவர் முன் நம்மவர் வெறும் தூசு. போன மழைக்காலத்தில் வேன் படியில் வழுக்கி விழுந்து வலது தோள் மூட்டு விலகிவிட்டது. ஆறு மாதமாகியும் கை தோளுக்கு மேலே போனால் உயிர் போகிறது. நீளக் கயிற்றைக் காற்றில் நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டி வீசுவது இனி நடக்காது. வேனுக்குத் திரும்பிவிட்டார், சிரிப்பு மட்டும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்த அலமாரியையே துடைத்துக்கொண்டிருப்பார்.

தலை போட்டால் ஒரே வீச்சுதானே என்று நம்மவருக்குத் தோன்றியது. மனைவியின் ஒன்பதடிக் கம்புக்கு முப்பதடித் தலை ஒன்றை எடுத்தார். நோகிற தோளுக்குப் பாரம் குறையட்டும் என்று வெட்டினார். இன்னும் கொஞ்சம் வெட்டினார். இருபதடிதான் மிஞ்சியது. ஆற்றில் மனைவி வீசியபோது பூச்சி காலடியிலேயே விழுந்தது. பலத்தைக் கூட்டி வீசியவர், தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே வேணாங்க. கம்பை என் தம்பிக்குக் கொடுத்துடலாம். அவனாவது பிடிக்கட்டும்."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம்மா."

"நீங்க எதையாவது ஒரு தடவையோட நிறுத்தியிருக்கீங்களா? சரி, அடுத்த ஞாயிறு. அதோட முடிஞ்சுது."

அந்த வாரம் நம்மவருக்கு வேலையே ஓடவில்லை. தபால்காரரின் கிருதா ஒரு பக்கம் மேலே ஏறிவிட்டது, மறுபக்கம் கீழேயே நின்றுவிட்டது. கைவசம் மிச்சமிருந்தது தன் இரட்டைக் கைக் கம்புக்கென்று ஆசையாக வாங்கிய நாற்பதடித் தலை ஒன்றுதான். அதையும் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை முதல் வீச்சிலேயே மனைவியின் கம்பு கூனிப்போனது. தலை தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. நம்மவர் இரண்டடி வெட்டி, வாலை மறுபடி கோத்துக் கொடுத்தார். அப்புறமும் இரண்டு. பிறகு ஒவ்வோர் அடியாக. மனைவி முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, கையைத் தூக்காமல் பக்கவாட்டில் வீசிப் பார்த்தார். தலை இருபத்தெட்டடிக்கு வந்தபோது கம்பு அழகாக வளைந்து நிமிர்ந்தது.

"போதும்" என்றார் மனைவி.

"உன் தோளுக்கு இது ரொம்பப் பாரம்மா. இன்னொரு ரெண்டடி எடுத்தா..."

"ஏங்க, பாரம் என் தோள்ல இல்ல, கம்புல இருக்கு. போன வாரம் நீங்க கொடுத்தது பஞ்சு. கம்பு வளையவே இல்ல, அது செய்ய வேண்டியதையும் சேத்து நான்தான் செஞ்சேன். இதுல கம்பே இழுத்துக்குது. கத்தரியை உள்ள வைங்க."

அவர் கண்ணுக்கு அந்தத் தலை இன்னமும் நீளமாகத்தான் தெரிந்தது. கை பரபரத்தது. ஆனாலும் கத்தரியைப் பைக்குள் போட்டார்.

மனைவி முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நின்றார். ஒரே வீச்சு. விரல் திறந்தது. வால் ஓடிக்கொண்டே இருந்தது. பூச்சி எதிர்க்கரை நாணல் ஓரமாகச் சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது அதையும் தாண்டியது. கரையில் நின்ற நம்மவருக்கு மனைவியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏம்மா... தோள்?"

"எந்தத் தோள்?" என்றார் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.