குழியைக் கிளற அனுமதி

நீளம் தாண்டும் குழியில் ஈரப்பதமுள்ள மென்மணல் இருக்க வேண்டும். அதன் மேற்பரப்பு தாண்டும் பலகையின் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். நெம்மேலிப் பக்கம் எங்கள் வீட்டருகே உள்ள மைதானத்தில் குழி இருந்தது, மட்டமும் சரியாக இருந்தது. மணலுக்குப் பதில் எம்-சாண்ட் கொட்டியிருந்தார்கள். கல்லை உடைத்த தூள். ஒரு மழை பெய்து வெயிலடித்ததும் இறுகிவிட்டது.

என் மகள் காவலர் உடற்தகுதித் தேர்வுக்காகத் தினமும் காலையில் அங்கே தாண்டிப் பழகினாள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. நான் அருகில் நின்று பார்ப்பேன். தரையிறங்கும்போது முதலில் குதிகால் பட வேண்டும். உடனே முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பும் கூடவே. முழங்கால் உள்பக்கம் சாயவே கூடாது. விழும் உடம்பு அடங்க எடுக்கும் நேரம் கூடினால் முழங்காலுக்கு விழும் அடி குறையும். மணல் தருவது அந்த நேரத்தைத்தான். மழைக்கு முன் அவள் விழுந்தால் 'சொத்' என்று கேட்கும். பிறகு 'டக்' என்று கேட்டது.

"இன்னா நைனா, மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? நான் தான தாண்டறேன்?"

"இடது முட்டி உள்ள போவுது."

"நேத்தும் இதான் சொன்ன. முட்டிக்கு ஒரு மெமோ குடுத்துடு."

குழியைக் கிளறலாமா என்று மைதானக் காவலாளியிடம் கேட்டேன்.

"ஆபீஸ்ல எழுதி வாங்கினு வா சார். எவனாவது கேட்டா எனக்குத்தான் பேஜாரு."

அவர் சொன்னது முறைதான். முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து நானும் மற்றவர்களிடம் அதையே சொல்லியிருக்கிறேன். ஒப்புகை அட்டையுடன் மனு அனுப்பினேன். பிறகு ஒரு நினைவூட்டல். கிழக்கே நடந்தால் கடல்வரை மணல். அதை அள்ளுவது குற்றம், அந்த விதியும் எனக்குத் தெரியும். மண்வெட்டி எங்கள் வீட்டுப் பின்சுவரில் சாத்தியிருந்தது.

இரண்டாவது நினைவூட்டலை அனுப்பிய மறுநாள், 'டக்'குக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. சின்னது, சுள்ளி ஒடிவதுபோல. அவள் எழுந்திருக்கவில்லை.

"நைனா, முட்டி நிக்கல."

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஜவ்வு கிழிந்துவிட்டதாகச் சொன்னார்.

பதில் வந்தபோது மகள் வாசலருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவள்தான். 'மனுதாரர் சொந்தப் பொறுப்பில், சொந்த மண்வெட்டியால் குழியைக் கிளற அனுமதிக்கப்படுகிறார்.' படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அன்றைய தேதி, அவளுடைய ஹால் டிக்கெட்டில் அச்சாகியிருந்த அதே தேதி.