செல்லிக்கு மாப்பிள்ளை

ஞானம்மாவைப் பொறுத்தவரை பெண்ணை வெளியில் கொடுப்பதும் கிணற்றில் தள்ளுவதும் ஒன்று. அதனால் மகள் ஷெர்லினைத் தன் அண்ணன் மகன் டெனிசனுக்கே பேசி முடித்திருந்தாள். வரும் ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். ஷெர்லினோ ஒரு வருஷமாக மாட்டேன் என்கிறாள். யார் கேட்டார்கள்?

ஞானம்மாவுக்கு வேலை வல்லம் வடகாலில், ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் குளிர்கூடத்தில். மேற்கு மலையின் ஊசியிலை மரத்தை அங்கே தொட்டியில் வளர்க்கிறார்கள். ஊசியிலை என்று பேர்தான், இலை என்னவோ நாவல் இலை அகலம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆணின் மகரந்தத்தைத் தூரிகையால் பெண்ணுக்குத் தொட்டு வைத்தால் விதை பிடிக்கும். அதன் கன்றுகள் மொட்டையாகிப் போன மலைக்குத் திரும்பும். இந்த வருஷம் பூத்த பெண் மரம் ஒன்றே ஒன்று. அதற்கு ஞானம்மா செல்லி என்று பேர் வைத்திருந்தாள்.

"செல்லிக்கு ஒரு ஆண் மரம் பாத்து தொட்டு வைங்க, கூடப் பொறந்த மரம் மட்டும் வேணாங்க்கா," என்று சொல்லிவிட்டு விஞ்ஞானி ரூத் கூட்டத்துக்குப் போனாள்.

ஞானம்மா தொட்டிச் சீட்டுகளை அலசினாள். தூரத்து மலையிலிருந்து வந்த ஆண் மரம் நன்றாகத்தான் பூத்திருந்தது. ஆனால் யாரோ எவரோ! ஏழாம் தொட்டியோ செல்லியின் தாய்மாமன் மரத்துப் பிள்ளை. ஆளும் லட்சணம், முறையும் சரி.

கீழ்க்கிளையைத் தொட்டு முடித்தபோது ரூத் வந்தாள். சீட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"இன்னாம்மா, மொற மாப்புளதான? நானே மாமன் புள்ளயத்தான் கட்டிக்கினேன். ஆயரே அனுமதி குட்த்தாரு."

"மரத்துக்கு ஆயர் அனுமதி செல்லாதுக்கா! சொந்தத்துல சேத்தா விதை சொத்தையாப் போயிடும். முளைச்சாலும் கன்னு சோகையா நிக்கும். மலையில மொத மழைக்கே சாஞ்சிடும்."

ஞானம்மா தூரிகையைக் கீழே போட்டாள். செல்லியின் கன்று சாய்வதா? கீழ்க்கிளைப் பூவையெல்லாம் தானே கிள்ளி எறிந்தாள். மேல்கிளை நல்லவேளையாக இன்னும் மகரந்தம் படாமல் பைக்குள் மூடியிருந்தது. அதைப் பிரித்து, அந்தத் தூரத்துக்காரனின் மகரந்தத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே தொட்டு வைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, கோச்சிக்காத. ஓலை வேணாம். நம்ம செல்லிக்கே சொந்தம் ஒத்து வரல."

"யாருடி செல்லி?" என்று அண்ணன் கத்தியது வாசல் வரை கேட்டது.

ஷிஃப்ட் முடிந்து வந்த ஷெர்லின் வாசலிலேயே நின்றுவிட்டாள். தப்பித்தோம் என்ற நிம்மதி ஒரு நொடிதான். அடுத்த நொடி அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வருசமா நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினு கீறேன், காதுல போட்டுக்கல. மரத்துக்கு ஆவாதுன்னா மட்டும் ஒடனே வுட்டுட்டியா?"

"அது எதுத்துப் பேசல," என்று ஞானம்மா தட்டில் சோற்றைப் போட்டாள்.