ஆள் வந்த பிறகு எழுதும் பெயர்

இன்று கணவருக்குப் பிறந்தநாள். பால் கவரின் முனையை வெட்டி ஐசிங்கைப் பிழிந்தேன். வெனிலா வாசத்தில் நான் வளர்ந்த எருமப்பட்டி வீடு கண்முன் வந்து நின்றது.

அப்பா வெளியூர்களில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு டிரைவர். அவர் ஊர் திரும்பும் நாளில்தான் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவோம். அந்த முறையும் அம்மா குக்கரில் மணல் பரப்பி கேக் சுட்டாள். டால்டாவையும் சர்க்கரையையும் குழைத்து மேலே 'முருகேசன்' என்று எழுதினாள். சுற்றிலும் நான் கலர் மிட்டாய் பதித்தேன்.

சாயங்காலம் பெரியப்பா மட்டும் வந்தார்.

"வண்டி கவுந்துருச்சு அம்மிணி. தம்பி போயிட்டான்."

கேக்கை எல்லோரும் மறந்துபோனோம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தேன். எறும்புகள் எழுத்துகளை மட்டும் மொய்த்திருந்தன. அப்பாவின் பெயர் கறுப்பாக நெளிந்தது.

"பேரு எழுதலையாம்மா?" என்கிறாள் மகள், நான் பிழிந்த ஐசிங்கைப் பார்த்து.

"உங்கப்பா பைக்குல வந்துட்டிருக்காரு சாமி. ஊடு வந்து சேரட்டும், எழுதலாம்."