பலூனை உடைக்காத துப்பாக்கி

மெரினாவில் கலங்கரை விளக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, மணலில் நானும் என் மனைவியும் பலூன் சுடும் கடை போடுகிறோம். ஆட்களைக் கூப்பிடுவது அவள். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. துப்பாக்கியை மடக்கி, குண்டு போட்டுக் கையில் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். எங்களிடம் இருப்பது ஒரே துப்பாக்கி. உள்ளே ஒரு ஸ்பிரிங். அது தள்ளும் காற்றில் குண்டு பாயும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குண்டு பலூனில் பட்டும் பலூன் உடையவில்லை. குண்டு சோம்பலாகக் கீழே விழுந்தது. அடுத்தவர் சுட்டார், அதே கதை. "இன்னாபா, பலூனுக்குள்ள சிமெண்ட் ரொப்பி வச்சிக்கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் ஞாயிறு, கடை போடவில்லை.

எங்கள் மணலில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. வார நாட்களில் வராவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஓர் இடம் காலியாகக் கிடந்தால், பக்கத்துக் கடைக்காரர் அதில் பரப்பிக்கொள்ளலாம். அப்புறம் கேட்க முடியாது. இந்த இடத்தை நாங்களும் அப்படித்தான் பிடித்தோம். பக்கத்தில் வளையம் எறியும் கடை வைத்திருப்பவர், தனக்கு இடம் போதவில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்குள் துப்பாக்கி சரியாகியே தீர வேண்டும்.

திங்கட்கிழமை தேனாம்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வச்சிட்டுப் போங்க, பத்து நாள் ஆவும்" என்றார். அவசரம் என்று சொல்ல வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. ஸ்பிரிங்தான் தளர்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, புது ஸ்பிரிங் ஒன்றை வாங்கிக்கொண்டு துப்பாக்கியோடு திரும்பிவிட்டேன்.

"அவசரம்னு ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சா பூடும்?" என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை வீட்டுத் தரையில் பழைய போர்வையை விரித்து வேலையை ஆரம்பித்தேன். துப்பாக்கியின் பின்பக்கம் ஓர் இரும்புப் பின்தான் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. அவளை மேலிருந்து அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்னைத் தட்டினேன். பின் வெளியே வந்ததும் அவள் கை நழுவியது. ஸ்பிரிங் எகிறிப் போய்ப் பாத்திர அலமாரியில் அடித்தது. இரண்டு தட்டுகள் விழுந்தன.

"பீச்சுல சுடல, வூட்ல மட்டும் நல்லா சுடுதே மாமா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது ஸ்பிரிங்கை உள்ளே அடக்குவதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போய் ஒரு பழைய பலகையில் பலூனைக் கட்டிச் சுட்டேன். குண்டு பட்டதும் பலூன் ஆடியது. ஆடியதோடு சரி.

வியாழக்கிழமை மறுபடி பிரித்தேன். இந்த முறை ஸ்பிரிங்குக்கு முன்னால் நின்று காற்றைத் தள்ளும் பிஸ்டனையே வெளியே இழுத்தேன். அதன் முனையில் இருக்கும் தோல் வாஷரில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் நறநறத்தது. மணல். உப்புக் காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று தினமும் கடை கட்டும்போது தேங்காய் எண்ணெய் விட்டவன் நான்தான். மணல் அந்த எண்ணெயில் ஒட்டி உள்ளே போயிருக்கிறது.

"தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்லியேன்னு பாத்தா, நீ துப்பாக்கிக்கு ஊத்திக்கினு இருந்திருக்கே" என்றாள்.

மயிலாப்பூரில் ஒரு சைக்கிள் கடையில் பம்புக்குப் போடும் தோல் வாஷர் இரண்டு வாங்கினேன். இரண்டுமே கொஞ்சம் பெரிதாக இருந்தன. ஒன்றை மாடிச் சுவரில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, மாட்டி, மூடிச் சுட்டேன். பலூன் மறுபடியும் ஆடியது. வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை விட்டெறிந்தேன். அப்புறம் அதையே கட்டிலுக்கு அடியில் அரை மணி நேரம் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துப்பாக்கியைத் தொடவே பிடிக்கவில்லை. மனைவிதான் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொன்னாள்: "காத்து எங்கியோ போவுது மாமா. டியூப் பஞ்சர்னா தண்ணில முக்கிப் பாப்பாங்கல்ல?"

துப்பாக்கியைத் தண்ணீரில் முக்க முடியாது. அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். குழாய் மடங்கும் மூட்டின் மேல் பவுடரைத் தூவிவிட்டுப் பலகையைப் பார்த்துச் சுட்டேன். மூட்டிலிருந்து பவுடர் புஸ்ஸென்று கிளம்பி என் மூக்கெல்லாம் அப்பியது.

பின்னாலேயே வந்தவள் பார்த்துவிட்டு, "இன்னா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள்.

அந்த மூட்டுக்குள் கடலைப்பருப்பு அளவில் ஒரு குட்டி வாஷர் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தை மணல் தின்றிருந்தது. அதை மாற்றத் துப்பாக்கியைப் பிரிக்கவே வேண்டியதில்லை. குழாயை மடக்கி ஊசியால் நோண்டினால் வந்துவிடும். ஒரு வாரமாகத் தப்பான முனையில் மல்லுக்கட்டியிருக்கிறேன். மிச்சமிருந்த பம்பு வாஷரில் பிளேடால் வட்டம் வெட்டினேன். முதல் இரண்டும் கோணலாகப் போயின. மூன்றாவது பொருந்தி, பலூன் உடைந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. சந்தோஷம் வரவில்லை. என் மேலேயே எரிச்சல்தான் வந்தது.

மனைவியைப் பலூன் பலகையோடு ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு, இடத்தைப் பார்க்க நான் முன்னால் ஓடினேன். வளையக் கடைக்காரர் எங்கள் இடத்தில் துணி விரித்து, பொம்மைகளை அடுக்கியிருந்தார்.

"நீ வரமாட்டேன்னு நென்ச்சேன் நைனா."

"ஒரு ஞாயிறுதாண்ணே ஆச்சு."

"இன்னா? காதுல வுழல."

இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "ரெண்டாவது ஞாயிறும் பாதி பூட்ச்சே. சரி வுடு, பாதி எடத்த நீ எட்த்துக்கோ."

இரண்டாவது ஞாயிறு இன்னும் முடியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ பேசிக்கொண்டே பாதிப் பொம்மைகளை நகர்த்த ஆரம்பித்துவிட்டார். பலகையை நிறுத்தக் கையோடு கொண்டுவந்திருந்த கம்பை நான் நட்டேன்.

மனைவி வந்து பார்த்துவிட்டு, "மீதி எங்க?" என்றாள். சொன்னேன். கேட்கிறேன் என்று கிளம்பியவளை, ஆட்கள் வந்துவிட்டார்கள், அப்புறம் பார்க்கலாம் என்று தடுத்தேன். அன்றைக்குத் துப்பாக்கி நன்றாகவே சுட்டது. பலூன்கள் வரிசையாக உடைந்தன. அந்தப் பாதி இடம் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.