நாலாவது வசனம்

எனக்கு முதலில் வலித்தது வயிறு. தினமும் மாலை ஆறரை மணிக்குச் சரியாக வலிக்கும். ஏழரைக்கு ஜெபம் முடிந்ததும் நின்றுவிடும். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். டாக்டர் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இல்லாத பூச்சிகளுக்கு இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டேன்.

இதை நீங்களே படிக்கிறீர்களோ, யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுகிறார்களோ, தெரியாது. இரண்டும் சரிதான். எழுத்தைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், என் கதை கொஞ்சம் உதவலாம்.

எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில், சர்ச்சுக்குப் பின் தெருவில். ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று வட்டமாக உட்கார்ந்து, வேதத்தில் ஒரு அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகப் படிப்போம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். ஒரு சொல் விட்டுப்போனாலும் "மறுபடி" என்பார்.

எனக்குப் படிக்க வராது. எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். கூட்டமாக நின்றால் யார் யாரென்று தெரியாது. அதனால் நான் எண்ணினேன். வட்டத்தில் நான் நாலாவது ஆள். என் பங்கு நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு. நாளைக்கு எந்த அதிகாரம் என்பது இன்றைக்கே தெரியும். என் வசனங்களை அண்ணன் பகலில் படித்துக் காட்டுவான். பதிலுக்கு அவன் ஷூவுக்கு நான் பாலிஷ் போடுவேன். கேட்டதை மனப்பாடம் செய்துகொண்டு, மாலையில் புத்தகத்தின் மேல் விரலை ஓட்டியபடி ஒப்பிப்பேன். நாலாம் வாய்ப்பாடு மட்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

நாலாம் வகுப்பில் ஒருநாள், ஆஸ்டின் டவுனிலிருந்து சித்தப்பா சரியாக ஜெப நேரத்துக்கு வந்து சேர்ந்தார். "தள்ளிக்கோ கண்ணு" என்று அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். அப்பா ஒன்று, அம்மா இரண்டு, அண்ணன் மூன்று. நாலாவது வசனத்தைச் சித்தப்பா படித்துவிட்டார். என் முறை வந்தது. எனக்குத் தெரிந்தது அந்த நாலாவதுதான். அதையே, விரலை ஓட்டிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் மறுபடியும் சொன்னேன்.

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அதத்தான் சித்தப்பா படிச்சாச்சே. அஞ்சாவது படி," என்றார் அப்பா.

நான் விரலை நாலாவது வசனத்திலேயே வைத்திருந்தேன்.

"என்ன டிராமா இது? தேவ சமுகத்துல பொய்யா?"

ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணில் குறையில்லை என்று சொல்லி, அவர் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இரண்டு நாள் பரிசோதனை. படம் அடுக்குவதும் கதை கேட்டுப் பதில் சொல்வதும் விளையாட்டாக இருந்தன. ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, பகல் பதினொரு மணிக்கே வயிறு வலித்தது.

சோதித்த உளவியலாளர் சின்ன வயதுப் பெண். வசனங்களை எண்ணி மனப்பாடம் செய்வதை அவரிடம் சொல்லிவிட்டேன். டிஸ்லெக்சியா (எழுத்தை அதன் ஒலியோடு இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம், அறிவுக் குறைவு அல்ல) என்றார். அப்பா விடவில்லை.

"ஏமாத்துறா மேடம். ரெண்டு வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கா."

"தெனமும் அஞ்சாறு வசனம் மனப்பாடம் பண்ணியிருக்கா சார். படிக்கிறத விட அது எவ்ளோ கஷ்டம்? சோம்பேறிப் புள்ள செய்யற வேலையா அது?"

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா கேட்டார்.

"தெனமும் எண்ணிட்டா இருந்த?"

"ஆமாப்பா."

என் தலையில் கையை வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அந்தப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை. அன்று நான் அடைந்த நிம்மதிக்கு ஈடாக இன்றுவரை எதையும் சொல்ல முடியவில்லை.

ஆனால் அன்று மாலையே அப்பா, "பாப்பாவ விட்டுடலாம்" என்றார். அண்ணனுக்குப் பிறகு நேராக அப்பா. அன்பால் செய்ததுதான். முதல் வாரம் சுகமாக இருந்தது. அப்புறம் பந்தியில் எனக்கு மட்டும் இலை போடாமல் போகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி ஆசிரியையிடம் போனேன். ரவை பரப்பிய தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே பயிற்சி. அந்த ரவையில் அம்மா உப்புமா கிண்டவில்லை என்று நம்புகிறேன். ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டை ஒன்றும் ஆசிரியை கொடுத்தார். பள்ளியில் சான்றிதழ் காட்டித் தேர்வுக்குக் கூடுதல் நேரமும், கன்னடப் பாடத்திலிருந்து விலக்கும் வாங்கினோம். கன்னடம் பேசுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. எங்கள் தெருச் சண்டையில் பாதி கன்னடத்தில்தான் நடக்கும்.

குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது போகாது. இதோடு படிக்கும் வழி பிடிபடும்.

ஆறாம் வகுப்பில் ஒரு மாலை, அண்ணன் மூன்றாவது வசனத்தை முடித்ததும் அப்பா தொண்டையைச் செருமினார். "இருங்கப்பா, இது என்னுது," என்றேன். அட்டையை வைத்து ஆரம்பித்தேன். பாதியில் குக்கர் விசில் அடித்தது. எழப்போன அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு சொல்லில் நான் திணறியபோது அண்ணன் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தான். அப்பா அவன் முழங்காலில் கை வைத்தார். முடிப்பதற்குள் இன்னும் மூன்று விசில் வந்துவிட்டது. அடுத்த வசனத்தை அப்பா எப்போதும்போலப் படித்தார். "மறுபடி" என்று சொல்லவே இல்லை. சாதம் குழைந்துபோயிருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

படிக்க வந்த பிறகும் எண்ணுவது நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இப்போது நான் பிசியோதெரபிஸ்ட். வேலை செய்யும் இடத்தில் கூட்டம் என்றால், என் முறை எப்போது வரும் என்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எங்கே இருந்தாலும் என் மனம் சில நிமிடம் முன்னால் போய், என் வரியின் வாசலில் காத்திருக்கும். ஜெபத்தில் மற்றவர்கள் படித்த வசனங்களை நான் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன், அண்ணி, சித்தப்பா, சித்தி என்று வட்டம் பெரிதாகிவிட்டது. எனக்கு முன்னால் சித்தி படித்தார். பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல, இழுத்து நிறுத்தி, ருசியாகப் படித்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் நிறுத்தியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உன்னுதும்மா," என்றார் அப்பா.

"எத்தனாவது வசனம்ப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண்ணலையா?"

"எண்ணலப்பா."

"ஏழாவது," என்றார்.

நான் அட்டையை எடுத்து ஏழாவது வசனத்தின் மேல் வைத்தேன். வயிற்றில் பசியைத் தவிர வேறொன்றும் இல்லை.